மஞ்சளும் மெஜந்தாவும் சந்திக்கும் சாலை: பிரெனீஸ் களக்குறிப்புகள்

ஜூன் 17: பார்சிலோனாவிலிருந்து மலைக்கு

வியன்னாவில் விடிகாலை விமானம். பார்சிலோனாவில் இறங்கி, ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வடக்கே போகும் ஆர்3 ரயிலைப் பிடித்தாயிற்று. விக், ரிபோல் வரைக்கும் சாதாரணப் புறநகர் ரயில்தான். பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். ரிபோலுக்கு அப்புறம் பள்ளத்தாக்கு குறுகி, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பாறை என்று வண்டி மூச்சு வாங்கி ஏறத் தொடங்குகிறது. ரீபஸ் தெ ஃப்ரெசர் தாண்டினால் பிளானோலஸ். கடல் மட்டத்திலிருந்து 1100 மீட்டருக்கு மேலே, ஸ்பெயினின் கத்தலோனியாவில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர்.

நான் ஆஸ்திரியாவில் பரிணாம மரபியல் ஆய்வகம் ஒன்றில் போஸ்ட்டாக். அதாவது முனைவர் பட்டம் வாங்கியாயிற்று, நிரந்தர வேலை இன்னும் இல்லை. இடையில் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஆராய்ச்சி. ஆண்டின் பெரும்பகுதி கணினித் திரையில் டிஎன்ஏ எழுத்துகளோடு போகும். ஜூன் வந்தால் மட்டும் அந்த எழுத்துகளுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்க இங்கே வருகிறோம். சொந்தக்காரர்கள் என்றால் பூச்செடிகள். ஊட்டி மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாக ஸ்னாப்டிராகன் வைத்திருப்பார்களே, அதன் காட்டு வகைகள்.

ரயில் சன்னலில் கவனமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரீபஸ் பக்கத்துத் தண்டவாள மேட்டில் நின்றதெல்லாம் மெஜந்தா நிறம். பிளானோலஸைத் தாண்டி மேற்கே தோஸஸ் பக்கம் போனால் எல்லாம் மஞ்சளாக இருக்கும். ஒரே இனத்தின் இரண்டு துணைவகைகள்: கிழக்கே சூடோமேஜஸ், மேற்கே ஸ்ட்ரையேட்டம். இரண்டும் சந்திக்கும் இடம் இந்த ஊரை ஒட்டிய சாலையோரம். எங்கள் ஆராய்ச்சி முழுக்க அந்தச் சாலைதான்.

பெட்டியில் துணிமணியைவிடச் சாமான்தான் அதிகம்: சிலிக்கா ஜெல், கட்டுக்கட்டாகச் சின்னக் காகித உறைகள், எண் பொறித்த அடையாளத் தகடுகள், ஒரு டப்பா பென்சில். மழை பட்டால் பேனா மை கரைந்துவிடும். பென்சில் நிற்கும்.

ஜூன் 18: குனிந்து நிமிர்ந்து

காலை ஏழரைக்குக் களத்தில். இருவர் இருவராகத்தான் வேலை. ஒருவர் குனிந்து செடியைப் பார்த்துச் சொல்வார், மற்றவர் எழுதுவார். என் ஜோடி போலந்திலிருந்து வந்திருக்கும் முதுகலை மாணவி. களத்துக்கு இதுதான் அவளுக்கு முதல் வருகை.

பூத்திருக்கும் ஒவ்வொரு செடிக்கும் இதே வரிசை. அடித்தண்டில் எண் தகட்டைக் கட்ட வேண்டும். ஜிபிஎஸ் கருவியைச் செடிக்கு நேர் மேலே பிடித்து, அளவு நிலைக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். உயரம், பூங்கொத்துகளின் எண்ணிக்கை, திறந்த பூக்களின் எண்ணிக்கை எல்லாம் எழுத வேண்டும். ஒரு பூவைப் பறித்து முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுத்து, மெஜந்தாவுக்கு ஒரு மதிப்பெண், மஞ்சளுக்கு ஒரு மதிப்பெண். கடைசியாக இளம் இலை இரண்டைக் கிள்ளி உறைக்குள் போட்டு, உறையைச் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் தள்ள வேண்டும். இலை வேகமாகக் காய்ந்தால்தான் டிஎன்ஏ சிதையாமல் இருக்கும்.

செடி எங்கே நிற்கிறது என்பதை எதற்கு இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்று மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இதன் விதை கசகசா அளவுதான். காய் வெடித்ததும் பெரும்பாலானவை தாய்ச்செடிக்குச் சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். மகரந்தம் மட்டும் தேனீயின் முதுகில் ஏறிச் சற்றுத் தொலைவு போகும். ஆய்வகத்தில் ஒவ்வொரு இலையிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து, நூறு வாக்கில் குறிப்பிட்ட இடங்களைப் படித்து, அப்புறம் கணக்குப் போட்டு இந்தச் செடிக்கு அம்மா யார், அப்பா யார் என்று கண்டுபிடிக்கிறோம். அம்மா மூன்று மீட்டர் தள்ளியும் அப்பா சாலையின் அடுத்த வளைவிலும் நிற்பது அப்போது தெரியவரும். எந்தப் பூவுக்குப் பிள்ளைகள் அதிகம், எந்தப் பூ வாரிசில்லாமல் போயிற்று என்பதும் தெரியும். இயற்கைத் தேர்வு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போவது இங்கே குடும்ப மரமாக விரிகிறது. ஆனால் ஒரு செடியின் இடம் தவறினால் அதன் சந்ததி முழுவதும் தவறான முகவரியில் போய் நிற்கும்.

மாலையில் இடுப்பு கழன்றுவிட்டது. கணக்கு எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பாடு: தக்காளி தேய்த்து எண்ணெய் ஊற்றிய ரொட்டி, பருப்புச் சூப்பு.

ஜூன் 19: வாசல் காட்டும் பூ

இன்று கொஞ்சம் நின்று வேடிக்கை பார்த்தேன். வேலையில் அதுவும் சேர்த்திதான்.

ஸ்னாப்டிராகன் பூவுக்கு வாய் மூடியே இருக்கும். இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்தினால் உதடு பிரியும், விட்டால் மூடிக்கொள்ளும். சின்னப் பூச்சிக்கு அந்தக் கதவைத் தள்ளத் தெம்பு கிடையாது. பம்பிள் தேனீயும், நம் ஊரில் விட்டத்தைத் துளைக்கும் கருவண்டின் உறவுக்காரனான ஊதா நிறத் தச்சுத்தேனீயும்தான் முக்கிய விருந்தாளிகள். கனத்த உடம்போடு கீழுதட்டில் வந்து இறங்கி, முட்டித் திறந்து, உடம்பு முழுக்க உள்ளே போய், பின்பக்கமாகவே வெளியே வரும். வரும்போது முதுகில் மகரந்தம் அப்பியிருக்கும்.

பூவின் நிறத்தை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். மெஜந்தாப் பூவில் தேனீ முட்ட வேண்டிய இடத்தில் மட்டும் மஞ்சள் பொட்டு இருக்கும். மஞ்சள் பூவில் அதே வாசலுக்கு மேல் மெஜந்தா நரம்புகள் ஓடும். இரண்டுமே வாசலைக் காட்டுகின்றன. ஆனால் நேரெதிர் நிறத்தில். நன்றாக வேலை செய்யும் இரண்டு ஏற்பாடுகள். சிக்கல், இவை கலக்கும்போது வருகிறது.

மெஜந்தாச் சாயத்தை ஊட்டுவது ரோசியா என்ற மரபணு. அதைப் பூ முழுக்கப் பரவவிடாமல் அடக்குவது இலூட்டா. மஞ்சளைப் பொட்டளவுக்குச் சுருக்கி வைப்பது சல்ஃபூரியா. குட்டி ஆர்என்ஏக்களை, அதாவது டிஎன்ஏவைப் பார்த்து நகலெடுக்கப்படும் சின்ன மூலக்கூறுகளை உண்டாக்கி அது இந்த வேலையைச் செய்கிறது என்று 2017-இல் கண்டுபிடித்தார்கள். ரோசியாவும் இலூட்டாவும் ஒரே குரோமோசோமில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. சல்ஃபூரியா வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. ஆகவே கலப்பினப் பிள்ளைகளுக்கு நிறச்சீட்டுகள் புதிதாகக் குலுக்கிப் போடப்படுகின்றன. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து விழுந்தால் ஆரஞ்சு, செம்பு நிறங்கள். இரண்டும் அடங்கினால் வெளிர் பூ. இன்று ஒரே மேட்டில் வெள்ளை, ரோஜா, செம்பு, எலுமிச்சை மஞ்சள் நான்கும் நின்றன. கண்ணுக்கு விருந்து. ஆனால் வெள்ளைப் பூவில் வாசலைக் காட்ட எதுவுமில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்ததில் தேனீ ஒன்றும் அதில் இறங்கவில்லை. இந்தக் கால் மணி நேரம் எதையும் நிரூபிக்காது. அதற்குத்தான் ஆயிரக்கணக்கில் செடிகளும் குடும்ப மரமும் தேவைப்படுகின்றன.

ஜூன் 20: மழை

விடிந்ததிலிருந்து ஊற்றுகிறது. ஈர இலையை உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே களம் இல்லை. நனைந்த சிலிக்கா மணிகளைத் தட்டில் பரப்பி அடுப்பில் வைத்தோம். ஆரஞ்சு மணி ஈரம் குடித்தால் பச்சையாகும், காய்ந்தால் மறுபடி ஆரஞ்சு. அது காயும்வரை சமையல் மேசையில் மாணவிக்குப் பாடம்.

இந்தச் சாலையை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு அடிப்படைக் கணக்கை 1948-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற மரபியலாளர் போட்டார். இரண்டு வகைகள் சந்திக்கும் எல்லையைக் கடந்து நடந்தால் ஒரு மரபணுவின் விகிதம் சரிவாக மாறும். மரபணு ஒரு தலைமுறையில் எவ்வளவு தூரம் பயணிக்கிறது, இயற்கைத் தேர்வு அதை எவ்வளவு பலமாகத் தடுக்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சரிவின் அகலத்தைத் தீர்மானிக்கின்றன. தேர்வு பலமாக இருந்தால் சரிவு குறுகும். ஆகவே நாடாவை எடுத்து அகலத்தை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத தேர்வின் பலத்தையே அளந்த மாதிரி. இங்கே நிறம் மாறுவது ஒரு கிலோமீட்டர் வாக்கில். தேனீ பறக்கும் தூரத்தை வைத்துப் பார்த்தால் இது மிகக் குறுகல்.

ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டு நம் நாட்டுக்கு வந்துவிட்டவர். கல்கத்தாவில் வேலை பார்த்து, இந்தியக் குடியுரிமை வாங்கி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார். இப்படி இரண்டு வகைகள் சந்தித்துக் கலக்கும் இடங்களை, அதாவது கலப்பு மண்டலங்களைப் பற்றிப் படிக்கிற எந்த மாணவரும் அவர் கணக்கில் தொடங்கி, 1985-இல் நிக் பார்ட்டனும் காட்ஃப்ரி ஹெவிட்டும் எழுதிய கட்டுரையில் வந்து சேர்வார்கள். நம் கல்லூரிகளில் இவரை இன்னும் விரிவாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

டார்வின் கதையையும் சொன்னேன். அவர் இதே ஸ்னாப்டிராகனில், குழல் போல உருமாறிய பூவுள்ள செடியைச் சாதாரணச் செடியோடு கலந்தார். முதல் தலைமுறை முழுக்கச் சாதாரணப் பூ. அடுத்த தலைமுறையில் 127 செடிகள்: 88 சாதாரணம், 37 குழல் பூ, 2 இடைப்பட்டவை. 1868-இல் வந்த நூலில் எண்களை அப்படியே கொடுத்திருக்கிறார். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று! மெண்டல் பட்டாணியை வைத்து அதே விகிதத்தின் விதியைச் சொல்லி அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. டார்வின் கையிலும் எண் இருந்தது, விதி மட்டும் அவர் கண்ணில் படவில்லை. இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவர் எண்களை ஒழுங்காக எழுதி வைத்ததால்தானே இன்று நாம் எடுத்துப் பார்க்க முடிகிறது.

ஜூன் 21: நூரியா

விடுமுறை. ரீபஸிலிருந்து பல்சக்கர ரயிலில் நூரியா போய் வந்தோம். 1931-இல் தொடங்கிய பாதை, பன்னிரண்டரை கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. மேலே ஏரி, கோயில், மேயும் குதிரைகள், அதற்கும் மேலே புய்க்மல் சிகரம். காற்று நம்ம கோத்தகிரிக் குளிரைவிட ஒரு பிடி அதிகம். எங்கள் பூ ஒன்றுகூட அந்த உயரத்தில் கிடையாது, அதனால் கண்ணுக்கும் விடுமுறை.

ஜூன் 23: சான்த் ஜுவான் இரவு

வெயில் திரும்பிவிட்டது. இரண்டு நாளாக மஞ்சள் பக்கத்தில் வேலை ஓடியது. அங்கே சொல்ல அதிகம் இல்லை, செடிகள் சீராக மஞ்சள்.

சான்த் ஜுவான் என்றால் புனித யோவான். அவர் திருநாளுக்கு முந்தைய இரவான இன்று கத்தலோனியா முழுக்கச் சொக்கப்பனை. கனிகோ மலையுச்சியில் ஏற்றிய தீயை ஆட்கள் ஊர் ஊராகச் சுமந்து வருவார்கள். 1955-இல் தொடங்கிய வழக்கம். நாங்கள் போய் நின்றபோது சதுக்கத்தில் மரக்கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன, பிள்ளைகள் பட்டாசு போட்டுக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைப் பாகில் ஊறிய பழமும் பைன் கொட்டையும் பதித்த ரொட்டியைத் தட்டுகளில் வைத்துக் கொடுத்தார்கள். மேல் சாலையில் வீடுள்ள ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "பூக்காரப் பிள்ளைகள் வந்தாயிற்றா? என் வீட்டுச் சுவரில் இந்த வருஷம் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது, வந்து எண் போட்டுவிட்டுப் போங்கள்" என்றார். இந்த ஊர்க்காரர்கள் எங்களை இத்தனை வருடமாகச் சகித்துக்கொள்வதோடு நிற்காமல், செடிக்குக் காவலும் இருக்கிறார்கள்.

கூச்சலுக்கு நடுவில் கோபியிலிருந்து அம்மா அழைத்தார். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும், தூக்கம் வரவில்லையாம்.

"ஏங்கண்ணு, அடுத்த வருசம் எங்கிருப்பே?"

"தெரியலீங்கம்மா. ஒப்பந்தம் பிப்ரவரியோட முடியுது. அஞ்சாறு எடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"அப்ப அந்தச் செடியெல்லாம்?"

வேலையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் செடியைப் பற்றிக் கேட்டார். மஞ்சள் வெள்ளாமை பார்க்கிற குடும்பம் எங்களுடையது. ஆள் மாறினாலும் பயிர் நிற்குமா என்ற கவலைதான் அவருக்கு முதலில் வரும். "வேற ஆள் பாத்துக்குவாங்கம்மா" என்றேன். "சரி சாமி, சாப்ட்டுட்டுப் படு" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 25: மண்டலத்தின் நடுவில்

கலப்பு மண்டலத்தின் மையத்தில் இருக்கிறோம். இருநூறு மீட்டர் நடப்பதற்குள் காலை முடிந்துவிடுகிறது, அவ்வளவு அடர்த்தி. மதிப்பெண் போடுவதும் இங்கேதான் கஷ்டம். காலை வெயிலில் செம்பாகத் தெரியும் பூ மேகம் மூடியதும் ரோஜா நிறமாகிவிடும். ஆகவே நிற அட்டையைப் பக்கத்தில் வைத்து, இருவரும் தனித்தனியாகச் சொல்லி, ஒத்துப்போனால்தான் எழுதுகிறோம்.

பிற்பகலில் ஒரு பழைய தகடு கிடைத்தது. செடி செத்துப்போய்த் தண்டு மட்டும் கட்டையாக நின்றது, எண் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. மாணவி அட்டவணையில் தேடினாள். நான் இந்த ஆய்வகத்தில் சேர்வதற்கு முன்னால் யாரோ கட்டியது. அதைச் சுற்றி ஒரு கை அகலத்தில் மூன்று இளஞ்செடிகள், இந்த வருடம்தான் முதல் பூ. அம்மாவாக இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம். விதை மண்ணுக்குள் சில ஆண்டு உறங்கிவிட்டும் எழும். இலை சொல்லும்.

அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாணவியிடம் என் மனதில் இருப்பதைச் சொன்னேன். இந்தச் சாலையில் 2009 முதல் கோடைதோறும் கணக்கெடுப்பு நடக்கிறது. முதல் பதினோரு ஆண்டுகளில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள். அவற்றுக்குத் தகடு கட்டியவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல ஒப்பந்தக்காரர்களும் மாணவர்களும்தான். இரண்டு கோடை, மூன்று கோடை இருந்துவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். 2018-இல் வந்த ஆய்வில் இந்தப் பூக்களின் மரபணுத்தொகுதி பற்றி ஓர் அருமையான முடிவு சொன்னார்கள்: இரண்டு வகைகளுக்கும் நடுவே பெரும்பாலான மரபணுக்கள் தடையில்லாமல் கலந்து ஓடுகின்றன, நிறத்தைத் தீர்மானிக்கும் சில இடங்களில் மட்டும்தான் எல்லை விறைப்பாக நிற்கிறது. அதாவது தொகுதி முழுக்க ஒன்றாகிக்கொண்டிருக்க, வாசல் காட்டும் நிறம் மட்டும் இருவரையும் பிரித்து வைத்திருக்கிறது. இப்படியொரு முடிவுக்குப் பின்னால் எத்தனை பேரின் இடுப்பு வலி இருக்கும்!

ஆராய்ச்சிக்குப் பணம் தருபவர்கள் மூன்று ஆண்டில் முடியும் திட்டங்களைத்தான் கேட்கிறார்கள். இந்தச் செடிக்கோ ஒரு தலைமுறை திரும்புவதற்கே சில ஆண்டு ஆகிறது. பரிணாமத்தை நடக்கும்போதே பார்க்க வேண்டுமென்றால், பார்ப்பவர்களின் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். அதற்கு நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். குறைந்தபட்சம் கணக்கெடுப்பைக் காப்பாற்றும் ஒருவருக்காவது வேண்டும். என் வேலைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. ஒரு கோடை விட்டுப்போனால் அந்தக் கோடையில் பூத்துச் செத்த அப்பாக்கள் எல்லாரும் குடும்ப மரத்தில் வெற்றிடமாகிவிடுவார்கள். பணம் பின்னால் வந்தாலும் அவர்கள் திரும்ப வர மாட்டார்கள்.

ஜூன் 26: பெரியவர் வீட்டுச் சுவர்

காலையில் முதல் வேலையாகப் போனோம். கல் இடுக்கில் ஒற்றைச் செடி, ஏழு பூ திறந்திருந்தது. மெஜந்தாதான், ஆனால் மஞ்சள் பொட்டு வழக்கத்தைவிடப் பெரிது, உதட்டோரம் வரை கசிந்திருந்தது. சல்ஃபூரியாவில் ஒரு பிரதி மஞ்சள் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். நாங்கள் அளந்து முடிக்கும்வரை பெரியவர் குடை பிடித்து நின்றார், படத்தில் நிழல் சீராக விழ வேண்டும் என்று. தகட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஜூன் 27: கைமாற்றம்

அடுத்த குழு நண்பகல் ரயிலில் வந்து சேர்ந்தது. உறைகளை எண் வரிசைப்படி அடுக்கி, டப்பாக்களில் புதுச் சிலிக்கா போட்டு மூடியாயிற்று. தரவை இரண்டு வன்தட்டுகளில் தனித்தனியாக நகல் எடுத்தோம். ஒன்று என்னோடு வரும், மற்றது இங்கேயே இருக்கும்.

ரயில் மேட்டுக்குக் கீழே முந்நூறு மீட்டர் பாக்கி. புதிதாக வந்த முனைவர் பட்ட மாணவரை அழைத்துப்போய் எங்கே நிறுத்தினோம் என்று காட்டினேன்: வேலிக்கல்லுக்குக் கிழக்கே எல்லாம் முடிந்தது, மேற்கே எதுவும் தொடவில்லை. மழைக்குப் பிறகு அந்தச் சரிவு வழுக்கும், கயிறு எடுத்துப் போங்கள். சாலையோரப் புல் வெட்டும் வண்டி எந்த நேரமும் வரலாம், ஆகவே சாலையோரத்தை முதலில் முடித்துவிட்டு அப்புறம் சரிவில் ஏறுங்கள். பழைய தகடு கண்ணில் பட்டால் கழற்ற வேண்டாம், எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் முளைத்திருப்பதற்கும் புது எண் போடுங்கள். போலந்து மாணவி இன்னும் இரண்டு வாரம் அவர்களோடு இருக்கிறாள். நிற மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் அவளைக் கேட்கச் சொன்னேன், இப்போது அவள் கண் என் கண்ணைவிடக் கூர்மை.

மாலை ரயிலில் கிளம்புகிறேன். முதல் தொகுதி டிஎன்ஏ முடிவுகள் இலையுதிர்காலத்தில் வரும், அப்போது அந்த மூன்று இளஞ்செடிகளின் அம்மா யார் என்று இங்கேயே எழுதுகிறேன்.